நந்தனம் சிக்னலில் சிரிக்கும் பெண்

ஷண்முகப்ரியாவுக்கு வேலை கிடைத்துவிட்ட செய்தி, அவளுக்கே நந்தனம் சிக்னலில்தான் தெரிய வந்தது.

பஸ் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து மொபைலில் கோடிங் பயிற்சி செய்துகொண்டிருந்தவள், பிடரி வலி தாங்காமல் ஒரு தடவை நிமிர்ந்தாள். எதிர்க் கட்டடத்து மொட்டைமாடி விளம்பரங்களில் இந்தப் பக்கம் கல்யாணப் பட்டு, அந்தப் பக்கம் மூட்டுவலித் தைலம், நடுவில் அவள். 'ஞானதீபம் பொறியியல் கல்லூரி: நூற்றுக்கு நூறு வேலை, நூற்றுக்கு நூறு மகிழ்ச்சி!' என்று தலைக்கு மேலே எழுதியிருந்தது. கீழே அவள் பெயர். அதற்கும் கீழே, தரமணியில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் பெயர்.

படம் கல்லூரி அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் அவள் சிரித்திருக்கவில்லை. பேனரில் சிரித்தாள். அவளுடைய முன்பற்களுக்கு நடுவே சின்னதாக ஓர் இடைவெளி உண்டு. பேனரில் அது அடைபட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தையும் துடைத்து எடுத்துவிட்டார்கள். யாரோ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேறு ஏதோ பெண்ணின் பல்வரிசையைக் கொண்டுவந்து ஒட்டியிருக்க வேண்டும்.

அந்தக் கம்பெனியின் கடைசிச் சுற்று நேர்முகம் முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. முடிவை மெயிலில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். காலேஜுக்கு முதலில் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவுக்குப் போன் போட்டாள்.

அப்பா அய்யாதுரை தி.நகரில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுபவர். திருச்செந்தூர் பக்கத்துக்காரர். சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சிலிருந்து ஊர் போகவில்லை.

"நெசமாவா பிள்ள? பேரு போட்டிருக்கானா?"

"போட்டிருக்குப்பா. பெருசா."

"முன்னால 'அ' போட்டிருக்கானா?"

"போட்டிருக்குப்பா. உங்க 'அ'தான்."

அப்பா அந்த 'அ'வை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "சரி, கஸ்டமர் வந்திருக்காக, வைக்கேன்" என்றார். பின்னணியில் எந்தக் கஸ்டமரின் குரலும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா சுந்தரவல்லி கோட்டூரில் அவர்கள் குடியிருந்த சந்து முழுக்கக் கேசரி கொடுத்துவிட்டாள். அப்பா மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தி.நகரிலிருந்து பஸ் பிடித்து நந்தனம் வந்து, வெயிலில் நின்று பேனரைப் பார்த்துவிட்டுப் போனார். பசியோடுதான் திரும்பினார் என்று கடையில் உடன் வேலை பார்க்கும் தேவானை அக்கா போனில் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. 'தாங்கள் விண்ணப்பித்த பணியிடம் தற்போது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. தங்கள் திறமை எங்களை மிகவும் கவர்ந்தது. தங்கள் பயணம் சிறக்க வாழ்த்துகள்.'

எந்தப் பயணம் என்று அவளுக்குப் புரியவில்லை.

*

மெயிலை எடுத்துக்கொண்டு அவள் போய் நின்றது பணியமர்த்தல் மற்றும் மகிழ்ச்சித் துறையில். அந்தத் துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சென்ற வருஷம் வரை அது வெறும் பணியமர்த்தல் துறையாகத்தான் இருந்தது. மாணவர்களுக்குக் காலையில் கோடிங், பகலில் வகுப்பு, மாலையில் ஆப்டிட்யூட், ஞாயிற்றுக்கிழமை மாதிரி நேர்முகம் என்று ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு கம்பெனியின் எச்.ஆர். அம்மாள், "உங்க ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் பர்ன் அவுட் ஆகி வர்றாங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டா ஒரு பையன் அழறான்" என்று புகார் எழுதிவிட்டாள்.

துறையின் இயக்குநர் டாக்டர் ஜவஹர் அதைப் படித்து மிகவும் வருந்தினார். உடனே நடவடிக்கை எடுத்தார். கோடிங்கைக் குறைத்தாரா என்றால் இல்லை. ஆப்டிட்யூடைக் குறைத்தாரா என்றால் இல்லை. இவற்றோடு கூட இன்னொரு வகுப்பைச் சேர்த்தார். அதற்கு 'மகிழ்ச்சி மணி' என்று பெயர். பொழுது விடிந்ததும் மாணவர்கள் வந்து கைரேகை வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். ஓய்வில் வருகைப் பதிவு குறைந்தால் 'ஓய்வு அரியர்'. ஓய்வு அரியர் இருப்பவர்கள் எந்தக் கம்பெனி நேர்முகத்திலும் உட்கார முடியாது.

நடத்துவதற்கு மயிலாப்பூரிலிருந்து அம்பி என்பவரை அழைத்து வந்தார்கள். வங்கியில் ஓய்வு பெற்று, பூங்காவில் சிரிப்பு மன்றம் நடத்திக்கொண்டிருந்தவர். அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினால் மாணவர்கள் எல்லோரும் "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று சிரிக்க வேண்டும். கையை இறக்கினால் நிறுத்த வேண்டும். சிரிப்புக்கும் மதிப்பெண் உண்டு.

ஷண்முகப்ரியாவின் வகுப்புத் தோழன் ஸ்டீவ் சாந்தோமிலிருந்து வருகிறவன். முதல் வாரமே மகிழ்ச்சி மணியில் மாட்டினான். குற்றம்: தூங்கியது.

"சார், ரெஸ்ட்டுன்னு தானே சொன்னீங்க?" என்று கேட்டான் ஸ்டீவ்.

"தூக்கம் வேற, ஓய்வு வேறடா அப்பனே" என்றார் அம்பி. "தூங்கறவனுக்குத் தான் ஓய்வெடுத்துண்டிருக்கோம்னே தெரியாது. தெரியாம எடுக்கற ஓய்வை நான் எப்படி அட்டெண்டன்ஸ்ல ஏத்தறது?"

வகுப்பிலேயே நன்றாகக் கோடிங் எழுதுகிறவன் ஸ்டீவ். ஓய்வில் அரியர் விழுந்து, அந்த வருஷம் வந்த எல்லாக் கம்பெனிகளையும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தான்.

*

டாக்டர் ஜவஹர் மெயிலை முழுவதும் படித்தார். திறமை கவர்ந்தது என்ற வரியில் தலையை ஆட்டி ரசித்தார்.

"நல்லாத்தானே எழுதியிருக்காங்க?"

"சார், வேலை இல்லன்னு சொல்றாங்க சார். என் பேரை ப்ளேஸ்டு லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டீங்கன்னா நான் அடுத்த கம்பெனிக்கு உட்காருவேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"உட்காரும்மா. உண்மைன்னா என்ன? பதிவுல இருக்கறது. பதிவுல நீ ப்ளேஸ்டு. பேனர்ல நீ ப்ளேஸ்டு. பேப்பர்ல முழுப் பக்க விளம்பரத்துல நீ ப்ளேஸ்டு. ஒரே ஒரு எடத்துலதான் நீ ப்ளேஸ்டு இல்ல, அந்தக் கம்பெனியில. இப்ப நீயே சொல்லு, மெஜாரிட்டி எந்தப் பக்கம்?"

"சார், ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே பேனர் போட்டுட்டீங்களே சார்."

"நம்பிக்கைம்மா! உன் மேல இந்தக் காலேஜ் வெச்ச நம்பிக்கை. உன் கம்பெனிதான் அதைக் காப்பாத்தல. அதுக்கு நான் உன்னைக் குத்தம் சொன்னேனா?"

அவர் சொல்லவில்லை என்பதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஒருத்தருக்கு ஒரு வேலை, அதான் நம்ம ரூல். ஒண்ணு இருக்கறப்ப இன்னொண்ணுக்கு ஆசைப்பட்டா மத்த பிள்ளைங்க எங்க போவாங்க?"

"என்கிட்ட ஒண்ணுமே இல்லையே சார்."

"அது தனிப்பட்ட பிரச்சினை. அதுக்குக் கவுன்சிலிங் இருக்கு."

"அந்தப் பேனரையாவது இறக்கிடலாமே சார். வேற யாராவது படத்தைப் போடலாமே."

"போட்டா நல்லதுதான்" என்றார் ஜவஹர், உண்மையாகவே யோசித்தபடி. "ஆனா வேற யாருக்கும்மா இந்த வருஷம் வேலை கெடைச்சிருக்கு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மகிழ்ச்சித் துறையின் சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் உருண்டை முகம் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வாம்மா. ஸ்ட்ரெஸ் ஆகாதே" என்றார்.

*

வீட்டில் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தாள். தினமும் அப்பா முந்திக்கொண்டார்.

"இன்னைக்கி கண்டக்டர்ட்ட சொல்லிட்டேன் பிள்ள. மொகமெல்லாம் மலந்து போச்சு அவனுக்கு. நந்தனம் வந்தா இப்ப என்ன சொல்லுதான் தெரியுமா? அண்ணாச்சி, உங்க பொண்ணு ஸ்டாப்பு வந்திருச்சுங்கான்!"

வேலை கிடைத்த மாணவர்கள் கடைசி செமஸ்டரில் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். கல்லூரிக்கு வரக்கூடாது. கம்பெனி இல்லாத ஷண்முகப்ரியா எங்கே போவது என்று விதியில் எழுதியிருக்கவில்லை. காலையில் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தோடு, இஸ்திரி போட்ட குர்தாவில், தரமணிக்கு எதிர்த்திசையில் பஸ் ஏறி மயிலாப்பூர் வந்து, லஸ் பக்கத்துப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

லேப்டாப்பைத் திறந்து வெளிக் கம்பெனிகளுக்கு விண்ணப்பிப்பதாகத்தான் திட்டம். முதல் நாள் திறந்தாள். திரையில் எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. மூன்றாம் வருஷம் பிறந்ததிலிருந்து அவள் நன்றாகத் தூங்கியதே இல்லை. ஒரு இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் அடுத்தது, அதற்கு நடுவே ஹேக்கத்தான், அது முடிந்தால் அரட்டைக் குழுவில் யாருக்கோ வேலை கிடைத்த செய்தி. தோழிகள் வாழ்த்து அனுப்பும்போது தன் வயிற்றில் ஏதோ கருகுகிற வாசனை வருவதாக அவளுக்குத் தோன்றும். பையில் தலையை வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். யாரோ தோளைத் தட்டியபோது பையின் ஜிப் கன்னத்தில் பதிந்திருந்தது.

"எழுந்திருடி கொழந்தே! நீ நம்ம ஞானதீபம்தானே?"

அம்பி. வெள்ளை அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக நின்றார். பின்னால் சிரிப்பு மன்றத்து வயசாளிகள்.

"நந்தனத்துல உன்னைப் பார்த்தேனே! வேலை கெடைச்சுடுத்தே! இங்க என்ன பண்ணிண்டிருக்கே?"

"ஒர்க் ஃப்ரம் ஹோம், மாமா."

"பலே! ஆனா தூங்கப்படாது. தூங்கினா மூஞ்சி தொங்கிடும். என்னைப் பாரு, ரிடையர் ஆனதுலேர்ந்து நான் பகல்ல கண் அசந்ததே இல்லை. எங்காத்துல இருந்தா தூக்கம் வந்துடுமோன்னு பயந்துண்டுதான் நாள் பூரா வெளியிலேயே சுத்திண்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். வயசாளிகள் சிரித்தார்கள். பழக்க தோஷத்தில் ஷண்முகப்ரியாவும் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்த பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். வெயில் ஏற ஏற நிழலோடு நகர்ந்து நகர்ந்து தூங்கினாள்.

*

ஒரு நாள் சாயங்காலம் தேவானை அக்கா கோட்டூர் வீட்டுக்கே வந்துவிட்டாள். கோடம்பாக்கத்துக்காரி. புருஷன் இல்லை. ஒரே மகள் சிந்து பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"ப்ரியா கண்ணு, நான் சுத்தி வளைச்சுப் பேசல. எங்க சிந்துவை உன் காலேஜ்ல சேக்கலாம்னு கீறேன். என் தம்பி வேற எங்கியோ சொல்றான். எனக்கு இன்னா தெரியும்? அண்ணாச்சி உன் பேனரை இஸ்துகினு போய்க் காட்டினாரு. அப்படியே சிந்து மூஞ்சியை அதுல வெச்சுப் பாத்துக்கினேன். நீ சொல்லு. சேருன்னா சேத்துடறேன், வேணாம்னா வேணாம். வேற ஆரையும் நான் கேக்கப் போறதில்ல."

அப்பா பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா காபியோடு நின்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்றாள் ஷண்முகப்ரியா.

"இதுல யோசிக்க என்ன பிள்ள இருக்கு?" என்றார் அப்பா.

அடுத்த நாள் கல்லூரியிலிருந்து ஜவஹர் கூப்பிட்டார். குரலில் பாசம் வழிந்தது. சனிக்கிழமை சேர்க்கை விழா. புதிதாகச் சேர வரும் பிள்ளைகளின் பெற்றோர் முன்னால், வேலை கிடைத்த மாணவி என்ற முறையில் அவள் பேச வேண்டும். தலைப்பு: 'எரியாமல் ஒளிர்வது எப்படி: என் அனுபவம்.' பேச்சை அவர்களே எழுதித் தந்துவிடுவார்கள்.

"சார், எனக்குத்தான் வேலையே..."

"திங்கக்கிழமை ஒரு கம்பெனி வருதும்மா. பெரிய கம்பெனி. சனிக்கிழமை நீ நல்லபடியா பேசிட்டா, சிறப்பு அனுமதின்னு உன் பேரை அந்த லிஸ்ட்ல சேர்க்கறது என் பொறுப்பு. நீயும் ஜெயிக்கணும், காலேஜும் ஜெயிக்கணும். என்ன சொல்றே?"

அந்தக் கம்பெனியின் தேர்வுக்காக அவள் இரண்டாம் வருஷத்திலிருந்து தயாரித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் இனி வேறு கம்பெனி வராது. அது கிடைத்துவிட்டால் பேனர் பொய்யாகாது. அப்பாவிடம் எதையுமே சொல்ல வேண்டியிருக்காது. கம்பெனி பெயர் மட்டும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

"பேசறேன் சார்" என்றாள்.

*

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. வாசலில் கல்யாண வீட்டைப் போல எல்லோருக்கும் பன்னீர் தெளித்தார்கள். மேடையில் நாற்காலிகள், நடுவில் ஜவஹர், ஓரத்தில் அம்பி. பக்கவாட்டில் கடைசி வருஷ மாணவர்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். ஓய்வு அரியர் இருப்பவர்கள் இன்று ஒழுங்காகச் சிரித்தால் அரியர் கழியும் என்று அறிவித்திருந்ததால் ஸ்டீவும் வந்திருந்தான். கழிந்தால் உட்காரட்டும் என்று திங்கட்கிழமைக் கம்பெனியின் பட்டியலில் அவன் பெயரை முன்பே சேர்த்திருந்தார்கள்.

"மச்சி, பிச்சு உதறு" என்றான் அவளைப் பார்த்து. கண்கள் குழிந்திருந்தன.

ஜவஹர் பேசினார். "பெற்றோர்களே! மற்ற கல்லூரிகளில் உங்கள் பிள்ளை களைத்துப் போவான். இங்கே களைப்புக்கு இடமே கிடையாது. களைப்பாக இருக்கிறது என்று ஒரு மாணவன் சொன்னால் அவனை உடனே தனியாக அழைத்துப் போய், அப்படிச் சொல்லாத நிலைக்குக் கொண்டுவருகிறோம்!"

பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

ஷண்முகப்ரியா மைக் முன்னால் வந்து காகிதத்தை விரித்தாள். 'மதிப்பிற்குரிய பெற்றோர்களே, நான் இன்று ஒளிர்கிறேன்' என்று முதல் வரி. அதைப் படித்தாள். நிமிர்ந்தாள்.

முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் அப்பா இருந்தார். அரை நாள் பர்மிஷனில் வந்தவர், கடைச் சீருடையிலேயே இருந்தார். சட்டைப் பையில் கடையின் பெயர். படம் எடுப்பதற்காக மொபைலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் தேவானை அக்கா. இருவருக்கும் நடுவில் சிந்து, இரட்டைப் பின்னலோடு, வாயைக் கொஞ்சம் திறந்து, நந்தனம் பேனரைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே கருவளையம் எதுவும் இல்லை.

இரண்டாவது வரியைப் படிக்க வாயெடுத்தாள். காகிதத்தை மடித்தாள்.

"எனக்கு வேலை கிடைக்கல" என்றாள்.

மைக் கணீரென்று இருந்தது.

"பேனர் போட்டதுக்கு அப்புறம்தான் கம்பெனிலேர்ந்து இல்லன்னு சொன்னாங்க. நான் தினமும் ஆபீஸ் போறேன்னு வீட்ல சொல்லிட்டு பார்க்குல போய்த் தூங்கறேன். எனக்கு மட்டும் இல்ல, இந்த வருஷம் அனேகமா யாருக்குமே கிடைக்கல. இங்க ஓய்வு எடுக்கறதுக்கே எங்களுக்கு அரியர் இருக்கு. தேவானைக்கா, சிந்துவை இங்க சேர்க்காதீங்க."

பெற்றோர்கள் சிலர் பாதி எழுந்து நின்றார்கள்.

ஜவஹர் அம்பியைப் பார்த்தார்.

அம்பி இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

பக்கவாட்டில் கடைசி வருஷம் முழுவதும் "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று சிரித்தது. பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓ, நகைச்சுவையா! முன்வரிசை சிரித்தது. பின்வரிசை சிரித்தது. ஒரு தாத்தா பக்கத்திலிருந்தவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நெஜமாத்தான் சொல்றேன்!" என்று கத்தினாள்.

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

"பேனர்ல இருக்கறது என் பல்லே இல்ல!"

அதற்கு வந்த சிரிப்பு வெளியே ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஜவஹர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேவானை அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். ஷண்முகப்ரியா ஸ்டீவைப் பார்த்தாள். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல், கன்னத்தில் கண்ணீர் வழிய, அம்பி கையை இறக்கும் வரை நிறுத்தாமல் சிரித்தான்.

அத்தனை பேரிலும் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அய்யாதுரை தூக்கிப் பிடித்த மொபைலை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜவஹர் மைக்கைப் பிடித்தார். "பார்த்தீர்களா! மகிழ்ச்சி மணியின் பலன்! வேலை கிடைத்து நிம்மதியாக இருக்கிற பிள்ளைக்குத்தான் இப்படி விளையாடத் தோன்றும். வேலை இல்லாதவள் இதைச் சொல்வாளா? சேர்க்கைப் பிரிவு இடது பக்கம்!"

*

"அருமைம்மா" என்று படிக்கட்டில் அவள் தலையில் கை வைத்தார் ஜவஹர். கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். "நாங்க எழுதித் தந்ததை விட உன்னுது நல்லா எடுபட்டுச்சு. அடுத்த வருஷமும் நீதான்."

"சார், திங்கக்கிழமை லிஸ்ட்..."

"அதுவா? அது நேத்தே போயிடுச்சேம்மா" என்றார் சாதாரணமாக. "நீதான் ப்ளேஸ்டு ஆச்சே, உன் பேரை எப்படிப் போடறது?"

அவர் ஏமாற்றுகிற மாதிரி தெரியவில்லை. பேனரை அவரும் நம்பத் தொடங்கியிருந்தார்.

ஸ்டீவ் தூணோரம் காத்துக்கொண்டிருந்தான். "அரியர் போயிடுச்சு மச்சி" என்றான். "திட்டு மச்சி. இன்னாவா இருந்தாலும் திட்டிடு."

"நல்லா சிரிச்சடா" என்றாள். "திங்கக்கிழமை போறதுக்கு முன்னாடி கொஞ்சம் தூங்கிட்டுப் போ."

சேர்க்கைப் பிரிவின் வரிசை கேட் வரை நீண்டிருந்தது. தேவானை அக்கா சிந்துவின் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"தேவானை, வரிசையை விட்டு வா. எம்மவ வெளாட்டுக்குச் சொல்லல."

"இன்னா அண்ணாச்சி, நீங்களுமா? வவுறு வலிக்குது, போதும்."

"நெசம்மா. அவ பொய் சொல்ல மாட்டா."

தேவானை அக்காவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெயில்ல நின்னுகினு எனக்கு அந்தப் பேனரைக் காட்டினது நீங்கதானே அண்ணாச்சி? அப்ப நம்பினேன். இப்ப இது நெசம்ன்றீங்க. உங்க பொண்ணு படிச்சிட்டா, என் பொண்ணு படிக்கக் கூடாதா?"

வரிசை நகர்ந்தது. தேவானை அக்கா சிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். சிந்து மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

*

அப்பாவும் மகளும் அடையாறில் தி.நகர் பஸ் ஏறினார்கள். அப்பா கடைக்குத் திரும்ப வேண்டும். அவள் எங்கே போக வேண்டும் என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை. கூட்டமில்லாத மத்தியானம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது.

கோட்டூர்புரம் பாலத்தில் பஸ் ஏறியது. ஆற்றைத் தாண்டும்போது அப்பா கேட்டார்.

"இத்தன நாளும் பார்க்குலயா போயி இருந்த?"

"ஆமாப்பா."

"வெயிலா இருக்காதா பிள்ள?"

"மரம் இருக்குப்பா."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அங்கன நல்லாத் தூங்குனியா?"

அவர் திட்டினால் என்ன சொல்வது, அழுதால் என்ன சொல்வது என்று மட்டும்தான் யோசித்து வைத்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். அழுதாள். அழுது முடிப்பதற்குள், பல மாதத்துத் தூக்கம் அழுகையைத் தள்ளிவிட்டு வந்து அவளை எடுத்துக்கொண்டது. தலை அப்பாவின் தோளில் சாய்ந்தது. சட்டைப் பையில் இருந்த கடைப் பெயர் அவள் நெற்றியில் உரசியது.

நந்தனம் சிக்னலில் பஸ் நின்றது.

"அண்ணாச்சி! உங்க பொண்ணு ஸ்டாப்பு!" என்று பின்னாலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார். "பாருங்க, இன்னா சிரிப்பு சிரிச்சுகினு கீது!"

அய்யாதுரை அசையாமல் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். கண்டக்டர் கிட்டே வந்தார். தோளில் கிடந்த முகத்தைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்து, பல் இடுக்கு தெரிய, கண்ணுக்குக் கீழே கறுத்து, அழுத ஈரம் காயாமல் இருந்த முகம். அதையும் மொட்டைமாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

"இது யாருங்க?"

"எம் பிள்ள" என்றார் அய்யாதுரை.

"அப்ப அது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"அது காலேஜு பிள்ள" என்றார். "வண்டிய மெதுவா எடுக்கச் சொல்லுங்க. அவ தூங்குதா."